உங்களுக்குத் தெரியுமா? மக்கு ஈ, குட்டி ஈ, சிறகில்லா ஈ!

போடிநாயக்கனூரில் எந்த வீட்டிலாவது கனிந்த வாழைப்பழத்தை இரண்டு நாள் மறந்து வைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் சிவப்புக் கண்ணோடு ஒரு பொடிக் கூட்டம் வந்து சுற்றும். விரட்டாதீர்கள்! 1933, 1946, 1995, 2011, 2017. இந்த ஐந்து வருட மருத்துவ நோபல் பரிசுகளிலும் அதற்குப் பங்கு உண்டு!

மாங்காயைத் துளைத்துப் புழு வைக்கிறதே, அந்தப் பழ ஈ வேறு! மாந்தோப்புக்காரர் வாயில் விழுவது அது. இது டிரோசோஃபிலா. கனிந்து புளித்த பழத்தில் ஊறும் ஈஸ்ட்டை நக்கிப் பிழைக்கும் சாது. நீளம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை!

டிரோசோஃபிலா என்ற பெயருக்கு என்ன பொருள்? பனிப்பிரியை! விடிகாலையில் போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி டீ குடிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயரை வைக்கலாம்.

ஆய்வகத்தில் இதற்கு என்ன சாப்பாடு தெரியுமா? மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கெட்டியாக்கக் கொஞ்சம் அகர். நம் ஊர்க் கஞ்சிதான்! அதைத் தின்றுவிட்டு 10 நாளில் முட்டையிலிருந்து முழு ஈ ஆகிவிடுகிறது!

மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய 75 சதவீதத்துக்கு இந்த ஈயிடம் ஜோடி மரபணு இருக்கிறது. முக்கால்வாசி நாம்தான் அது!

சரி, ஈக்குப் பாடம் ஏறுமா? ஏறும்! 1974-லேயே நிரூபித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் சீமூர் பென்சர் ஆய்வகத்தில் ஒரு வாசனையைக் காட்டி லேசாக ஷாக் கொடுத்தார்கள். அடுத்த முறை அந்த வாசனை வந்ததும் ஈ ஒதுங்கிப் போய்விட்டது. சூடு கண்ட பூனை கதைதான். ஆனால் இங்கே கற்றுக்கொண்டது ஒரு மில்லிகிராம் எடையுள்ள பூனை!

எல்லா ஈயும் கெட்டிக்கார ஈ இல்லை. 1976-ல் ஒன்று சிக்கியது. எத்தனை முறை ஷாக் வாங்கினாலும் புத்தி வரவில்லை. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'டன்ஸ்'. அப்படியென்றால் மக்கு! இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அந்த மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் அதுதான்!

அடுத்தடுத்து மக்குகள் வரிசைகட்டின. பெயர் வைக்க ஆய்வகக்காரர்கள் நேராகக் காய்கறிக் கடைக்கே போய்விட்டார்கள் போலிருக்கிறது. முட்டைக்கோஸ், டர்னிப், ருடபாகா, முள்ளங்கி. ஒரு சாம்பாருக்கான காய் அத்தனையும் ஈயின் மூளை மரபணுக்கள்!

'அம்னீசியாக்' என்று இன்னொன்று. இது நன்றாகவே கற்றுக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். பரீட்சை அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் போய்விடுகிறதே, அந்த ஜாதி!

நரம்புச் செல்லுக்குள் ஒரு சின்ன ரசாயனம். ருடபாகா அதைத் தயாரிக்கிறது. டன்ஸ் அதை அழிக்கிறது. ருடபாகா கெட்டால் ரசாயனம் குறையும், ஈ மக்கு! டன்ஸ் கெட்டால் கூடும், அப்போதும் ஈ மக்கு! குழம்பில் உப்பு மாதிரி. இன்னொரு வேடிக்கை, டன்ஸ் ஈக்கு நரம்பின் நுனிக் கிளைகள் சாதாரண ஈயைவிட அதிகம். கிளை பெருத்தால் மட்டும் காய் பிடித்துவிடாது!

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கவனிக்க! 1994-ல் ஈக்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். இரண்டுக்கும் பத்துப் பத்துப் பாடம். ஒரு கோஷ்டிக்கு ஒரே மூச்சில். இன்னொன்றுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் நடுவே 15 நிமிடம் ஓய்வு. ஒரே மூச்சில் படித்த கூட்டம் அந்த வாரத்துக்குள்ளேயே மறந்துவிட்டது. ஓய்வெடுத்துப் படித்த கூட்டத்துக்கு ஏழு நாள் கழித்தும் ஞாபகம்! ஈக்கு ஆயுளே ஏறக்குறைய இரண்டு மாதம். நம் ஆயுள் கணக்கில் போட்டால் எட்டு வருட ஞாபகம்!

இந்த ஞாபகமெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? காளானில்! ஈயின் மூளைக்குள் காளான் வடிவத்தில் ஒரு ஜோடி உறுப்பு உண்டு. பூச்சிகளிடம் அதை முதலில் கண்டு வரைந்தவர் டுஜார்டன் என்ற பிரெஞ்சுக்காரர், 1850-ல்! ஒரு பக்கத்துக் காளானில் இருப்பது வெறும் 2,000 நரம்புச் செல்கள்!

அந்தக் காளான் இல்லாமலே ஈ வளர்க்கலாம்! முட்டையிலிருந்து வந்த புழுவுக்குச் சரியான நேரத்தில் ஒரு மருந்தைக் கொடுத்தால் போதும். வளர்ந்தபின் ஈ பறக்கும், பார்க்கும், வாசனையும் பிடிக்கும். ஆனால் அந்த வாசனையில் ஒரு பாடமும் ஏறாது. இதுவும் 1994 கண்டுபிடிப்பு!

இனிதான் கதை சூடு பிடிக்கிறது. உடம்பை 'வளர், வளர்' என்று விரட்டும் மரபணுக்கள் சில உண்டு. கை, கால், சிறகு எல்லாம் அவற்றின் கைங்கரியம். அவை கெட்டால் புற்றுநோய். அதே மரபணுக்கள்தான் ஞாபகத்தையும் எழுதுகின்றன!

அவற்றில் உலகப் புகழ் பெற்ற ஒன்றைக் கண்டுபிடித்தது யார்? இந்தியர்! எங்கே? டெல்லியில், கோதுமைக்கும் நெல்லுக்கும் பேர்போன இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில்! ஆர்.பி. சர்மா என்ற ஆராய்ச்சியாளர் ஈக்களுக்கு ரசாயனம் கொடுத்து, பிறந்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஈக்குச் சிறகே இல்லை! 1973-ல் ஈ ஆராய்ச்சிக்காரர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விடும் ஒரு செய்தி மடலில் அதைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதினார். பெயர் 'விங்லெஸ்'. சிறகில்லாதது. அவ்வளவுதான் சமாசாரம்!

அந்த ஈயிடம் ஒரு வினோதம். ஒரே தாய்க்குப் பிறந்ததில் சிலதுக்கு இரண்டு சிறகும் இருக்கும். சிலதுக்கு ஒன்று. சிலதுக்குச் சுத்தமாக இல்லை! சிறகு இருக்க வேண்டிய இடத்தில் முதுகின் ஒரு துண்டு இன்னொரு முறை முளைத்திருக்கும்! 1976-ல் சர்மாவும் வி.எல். சோப்ராவும் இதை விரிவாக எழுதினார்கள். அந்தச் சோப்ரா பின்னாளில் நாட்டின் மொத்த வேளாண் ஆராய்ச்சிக்கும் தலைமை இயக்குநர் ஆனார்!

இந்தப் பக்கம் ஈ. அந்தப் பக்கம் அமெரிக்காவில் எலி. 1982-ல் எலியின் மார்புப் புற்றுநோயில் ஒரு மரபணு மாட்டியது. பெயர் இன்ட்-1. ஐந்து வருடம் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்தார்கள். 1987-ல் ஈயின் விங்லெஸ் மரபணுவைப் படித்துப் பார்த்தால், அட, இரண்டும் ஒன்று! எலிக்குப் புற்று வைப்பதும் ஈக்குச் சிறகு வைப்பதும் ஒரே மரபணு!

இரண்டு பெயரையும் ஒட்டிப் புதுப் பெயர் வைத்தார்கள். விங்லெஸ்ஸிலிருந்து 'வி', இன்ட்டிலிருந்து 'ன்ட்'. 'விண்ட்'! உங்கள் உடம்பில் இப்போது 19 விண்ட் மரபணுக்கள் இருக்கின்றன. டெல்லி ஈயின் பெயரைச் சுமந்துகொண்டுதான் நாம் எல்லோரும் நடமாடுகிறோம்!

கதை முடியவில்லை. 2002-ல் பார்த்தார்கள். சிறகு முளைக்க வைக்கும் அதே விங்லெஸ், நரம்பு நுனியிலிருந்து சொட்டிச் சொட்டி வெளியே வருகிறது. அது சொட்டினால்தான் நரம்பும் தசையும் சேரும் முடிச்சுகள் ஒழுங்காக வளர்கின்றன! 2013-ல் இன்னொரு அதிர்ச்சி. வளர்ந்து முடிந்த ஈயின் காளானில் விண்ட் சைகையை அமுக்கினால் குறுகிய கால ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. நீண்ட கால ஞாபகம் மட்டும் அம்பேல்! சிறகு, புற்று, நினைவு. மூன்றுக்கும் ஒரே ஆள்!

மூச்சு வாங்கிவிட்டீர்களா? அடுத்தது சிக்கோ!

'சிக்கோ' என்றால் ஸ்பானிய மொழியில் பொடியன். இந்த மரபணு கெட்ட ஈ, அச்சு அசல் ஈயாகவே இருக்கும். ஆனால் எடை பாதிக்கும் கீழே! 1999-ல் கண்டுபிடித்தார்கள். சிக்கோ என்ன வேலை செய்கிறது? இன்சுலின் சொல்லும் செய்தியை செல்லுக்குள் கடத்துகிறது!

ஆமாம், ஈக்கும் இன்சுலின் உண்டு! நமக்கு ஒன்று. ஈக்கு எட்டு வகை! நமக்குக் கணையத்தில் சுரக்கிறது. ஈக்கோ மூளையிலேயே சுரக்கிறது. அதற்கென்று அங்கே இருப்பவை ஏறக்குறைய 14 செல்கள்!

பொடியன் ஈக்கு ஒரு அதிர்ஷ்டம், ஒரு துரதிர்ஷ்டம். பெண் பொடியன்கள் 48 சதவீதம் வரை கூடுதலாக வாழ்கின்றன! ஆனால் வாசனைப் பாடத்தில் மார்க் குறைவு. வளர்ந்த ஈயாக இருந்தாலும் காளானில் இன்சுலின் சைகையைக் குறைத்தால் நீண்ட கால ஞாபகம் பதிவதில்லை. சர்க்கரைக்கும் ஞாபகத்துக்கும் முடிச்சு போட்டிருப்பது ஈயிலேயே தெரிகிறது!

இதைவிடப் பெரிய கூத்து 2011-ல். 'ஆல்க்' என்று ஒரு மரபணு. மனிதரிடம் அது மிதமிஞ்சினால் சில வகை நுரையீரல் புற்றுநோய். ஈயிடம் அதை அமுக்கிப் பார்த்தார்கள். உடம்பும் பெருத்தது, படிப்பும் ஏறியது! ஒரே திருகாணியில் இரண்டு வேலை!

அது எதற்கு உதவும்? என்.எஃப்-1 என்ற மரபணு கெட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகில் ஏறக்குறைய 3,000-க்கு ஒன்று. அவர்களில் பலருக்குப் படிப்பு கஷ்டம். அதே மரபணு கெட்ட ஈயும் குட்டை, படிப்பிலும் மக்கு. அந்த ஈக்கு ஆல்க்கை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். உயரமும் வந்தது, புத்தியும் வந்தது!

பெயர் வைப்பதில் ஈக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மரபணுவுக்குப் பெயர் 'கண்ணாடி அடிப் படகு'! அது கெட்டால் புழுவின் உடம்பு கண்ணாடியாகத் தெரியுமாம். இன்னொன்றின் பெயரை நான் தமிழில் சொல்கிறேன், 'நப்பாசை'!

இந்த இரண்டும் ஜோடி. புழு நான்கு நாளில் ஏறக்குறைய 200 மடங்கு எடை போடுகிறது. தசை இப்படி ஊதினால் அதை இழுக்கும் நரம்பு என்ன ஆவது? தசை 'கண்ணாடிப் படகு' என்ற வளர்ச்சிப் புரதத்தை அனுப்பிக் கூவும். நரம்பு நுனியில் இருக்கும் 'நப்பாசை' அதைக் கேட்டு, 'இதோ நானும் வளர்கிறேன்' என்று முடிச்சுகளைப் பெருக்கும். 2002-ல் நப்பாசை இல்லாத ஈயைப் பார்த்தார்கள். நரம்பின் முடிச்சுகள் சிறுத்துப்போயிருந்தன!

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குக் கவாத்து பண்ணுவார்கள், தெரியும். மூளைக்குக் கவாத்து பண்ணுவது தெரியுமா? ஈ கூட்டுப்புழுவாக இருக்கும்போது காளான் நரம்புகளில் ஒரு பகுதி தன் கிளைகளைத் தானே வெட்டிக்கொள்கிறது! பிறகு பெரிய ஈக்கு ஏற்றபடி புதுக் கிளை விடுகிறது. கத்தியை எடுக்கச் சொல்வது யார்? அதுவும் ஒரு வளர்ச்சிச் சைகைதான்! அனுப்புவது நரம்பல்ல, நரம்பைச் சுற்றியிருக்கும் துணைச் செல்கள்!

அந்தச் சைகைப் புரதத்துக்கு மாட்டிடம் ஒரு பங்காளி உண்டு. அது கெட்டதால்தான் பெல்ஜியத்தின் நீல மாட்டுக்குப் பயில்வான் தசை. ஈக்கு மூளைக் கவாத்து, மாட்டுக்குத் தசைக் கட்டுப்பாடு. ஒரே குடும்பம்!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு? 17! 'ஜுன்' என்ற புற்றுநோய் மரபணுவின் பெயர் எங்கிருந்து வந்தது? ஜப்பானிய மொழியில் பதினேழைக் குறிக்கும் சொல்லிலிருந்து! கோழிக்குப் புற்று வைக்கும் 17-ம் எண் வைரஸில் கிடைத்ததால் அந்தப் பெயர். இந்த ஒற்றுமையை நான்தான் கண்டுபிடித்தேன். பெருமைப்பட்டுக்கொள்ள விடுங்கள்!

ஜுன்னும் அதன் கூட்டாளி ஃபாஸும் ஈயின் நரம்பில் என்ன செய்கின்றன? 2002-ல் மணி ராமசாமியின் ஆய்வகத்தில் சுபப்ரத சன்யால் கண்டுபிடித்தார். இரண்டும் கூடினால் நரம்பு முடிச்சுகள் எண்ணிக்கையிலும் பலத்திலும் ஏறுகின்றன! புற்று மரபணு, மூளையில் மேஸ்திரி!

மணி ராமசாமி, சன்யால் என்று நம்மவர் பெயராகவே வருகிறதே என்கிறீர்களா? இந்தியாவில் ஈ நரம்பியலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஒபைத் சித்திக்கி. 1962-ல் ஹோமி பாபா அழைத்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியல் பிரிவைத் தொடங்கினார். அணுவைப் பிளக்கிற இடத்தில் ஈ வளர்த்த மனிதர்! 2006-ல் பத்ம விபூஷண்!

அதே டாடா நிறுவனம்தான் போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் என்று பொட்டிப்புரத்துக்கு வந்தது! நியூட்ரினோ பற்றித் தேனி மாவட்டத்தில் டீக்கடை தவறாமல் பேசியாயிற்று. ஈயைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? இல்லை!

சித்திக்கியிடம் வந்து சேர்ந்தவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். பிறந்தது கென்யா. படித்தது உகாண்டா, அயர்லாந்து. ஆராய்ச்சிக்கு வந்தது மும்பை! வாசனை தெரியாத ஈக்களைத் தேடிப் பிடித்து, ஈயின் மூக்குக்கு எந்தெந்த மரபணு வேண்டும் என்று 1978-லேயே எழுதிவிட்டார்கள் இருவரும். மூக்கு என்றா சொன்னேன்? ஈ மோந்து பார்ப்பது மீசைக் கொம்பால்!

சித்திக்கிக்கு இன்னொரு சாதனை. சூடேறினால் பொத்தென்று விழுந்து, குளிர்ந்தால் எழுந்து பறக்கும் ஈக்களை பென்சரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1976!

அந்த ஜாதியில் 'ஷிபிரே' என்று ஒரு ஈ. ஜப்பானிய மொழியில் மரத்துப்போனது. 29, 30 டிகிரியிலேயே மயங்கிவிடும்! மே மாதம் போடி பஸ் ஸ்டாண்டில் அதை டப்பாவில் அடைத்து ஜீப்பில் ஏற்றுங்கள். ஏறும்போது பிணம். 17 வளைவு தாண்டி மெட்டில் குளிர்காற்று பட்டதும் எழுந்து உட்காரும்!

இதை வைத்து 2001-ல் ஒரு மந்திர வித்தையே செய்தார்கள். ஷிபிரே மரபணுவைக் காளான் நரம்பில் மட்டும் பொருத்தினார்கள். குளிரில் பாடம் நடத்தினார்கள். சூடாக்கி, பாடம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை! மறுபடி குளிரவைத்துக் கேட்டார்கள். இருக்கிறது! ஞாபகத்துக்கு சுவிட்ச்!

ஏலக்காட்டுப் பக்கம் போவோமா? ஏலப்பூ விடிகாலை விரியும். அன்று சாயங்காலமே வாடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தால்தான் காய்! சரத்தில் பூ எங்கே, எந்த வேளையில் தேன் என்று தேனீ நினைவு வைத்திருப்பதும் காளானில்தான். ஈக்கு ஒரு பக்கம் 2,000 செல். தேனீக்கு ஒரு பக்கம் 1 லட்சத்து 70 ஆயிரம்!

கூட்டுக்குள் வேலை பார்க்கும் தேனீ வெளியே தேன் தேடப் புறப்படும் வயதில், அதன் காளானும் பெருக்கிறது. 1993-ல் அளந்து பார்த்துச் சொன்னார்கள். ஸ்டோரில் காய் காய்ந்து, தரம் பிரித்து, 8 மில்லிமீட்டர் 'போல்டு' என்று நீங்கள் பெருமையாக வாங்குகிறீர்களே, அதற்குப் பின்னால் ஒரு தேனீயின் ஞாபக சக்தி இருக்கிறது!

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஈக்களுக்கென்றே ஒரு சேமிப்பு மையம் உண்டு! அமெரிக்காவின் புளூமிங்டனில் இருப்பதோ 70,000-க்கும் மேற்பட்ட ரகங்கள். விதை மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. பழைய புட்டியிலிருந்து புது புட்டிக்கு, காலம் தவறாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்!

2023-ல் ஈயின் புழுவுக்கு மூளை வரைபடம் முழுசாகத் தயார். நரம்புச் செல்கள் 3,016. இணைப்புகள் 5 லட்சத்து 48 ஆயிரம்!

2024 அக்டோபரில் பெரிய ஈயின் மூளையும் முடிந்தது. செபாஸ்டியன் சியுங், மாலா மூர்த்தி தலைமையில் பிரின்ஸ்டன் கூட்டணி ஒவ்வொரு நரம்பாகத் தடம் பிடித்து வரைந்தது. செல்கள் 1,39,255. இணைப்புகள் 5 கோடி. அளவு? கசகசா மணிக்குள் அடங்கிவிடும்!

கடைசியாக ஒரு கணக்கு. போடி ஏல மையத்துக்குப் போய், ஏலக்காய் வைக்கும் தராசில் ஒரு கிலோ பழ ஈயை வைப்போம். ஒரு ஈ ஒரு மில்லிகிராம் என்றால் எத்தனை ஏறும்? 10 லட்சம்! அவற்றின் நரம்புச் செல்கள் மொத்தம் எவ்வளவு? 13,900 கோடி! ஒரு மனித மூளையில் இருப்பது ஏறக்குறைய 8,600 கோடிதான். அதற்கு ஈடுகட்ட முழுக் கிலோகூட வேண்டாம். எடைபோடுகிறவரே, 620 கிராம் போதும்!